ஓடை வளைந்துதான் போகும்

பிரேக்கு என்பது அவளைப் பிடிக்காத ஒருவர் வைத்த பெயர். பிற்பாடு பிடித்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

நிலக்கரிச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்ட அவள் சேர்ந்த புதிது. கழிவுமண் கொட்டும் மேட்டின் விளிம்பு வரைக்கும் வண்டியைப் பின்னால் விடச் சொன்னார் மேஸ்திரி. மண் வெடித்திருக்கிறது, போக மாட்டேன் என்றாள். "நான் சொல்றேன், போ" என்றார். அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் டம்பர்கள் வரிசை கட்டி நின்று ஹார்ன் அடித்தன. மேஸ்திரி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி முடித்து, கடைசியில் பேச ஒன்றும் மிச்சமில்லாமல், "பொம்பளையா இது, ஹேண்ட்பிரேக்கு" என்றார். சாயங்காலத்துக்குள் பெயர் கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. விளிம்பு அன்றைக்குச் சரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சரிந்திருந்தால் கெட்டிக்காரி என்றிருப்பார்கள். சரியாததால் பிடிவாதக்காரி ஆனாள்.

அப்போது அவள் ஒரு தையல்காரரின் மனைவி. சுரங்கத்துக்குக் கீழே பள்ளத்தில் இருந்த தெருவில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக ஒரு கட்டடம். தையல்காரர் நல்ல மனிதர்தான். ஊர் வாய்க்கு மட்டும் பயந்தவர். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையை விரித்து நின்றபடியே கேட்பார்கள்: "உன் பொண்டாட்டி அங்க மலையை நகத்துறா. நீ இங்க பட்டன் தைக்கிறியா?" அவர் சிரித்துச் சமாளிப்பார். சிரிப்பு நாளாக ஆகத் தேய்ந்தது. ஒரு நாள் யாருடைய காலரையோ தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலேயே, "அந்த வேலையா இந்த வீடான்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார்.

"முதல்ல பெட்டியை எடுங்க. சட்டை கருகுது" என்று சொல்லிவிட்டு அவள் துணிமணிகளை மூட்டை கட்டினாள்.

அவளுடைய அக்கா சுரங்கத்துக் கேண்டீனில் சமையல். கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு இருந்தது. ஜன்னல் விளிம்பில் எந்நேரமும் கரித்தூள். தூசி துடைத்த துணியை அலசவே தனியாக ஒரு பக்கெட் தண்ணீர் வேண்டும். மூட்டையோடு வந்து நின்றவளை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "வாடி. கட்டில்ல எனக்குச் சுவர்ப்பக்கம். குறட்டை விட்டா உதைப்பேன்" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அந்த வருடமே தையல்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர் சின்னவள். பிரேக்கு அவளைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கடைத்தெருவில் எதிரே வந்தால் பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

டம்பரிலிருந்து புல்டோசருக்கு மாறினாள். மலை இருந்த இடம் பள்ளமாயிற்று, பள்ளத்திலிருந்து அள்ளிய மண் வேறொரு மலையாயிற்று. மலையடிவாரத்தில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் அடைத்தார்கள். பிறகு குழாயும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கீழே தெருவில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. பிறகு ஒரு நாள் தோண்டத் தகுந்த கரி தீர்ந்தது.

தோண்டினவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று சட்டம் இருந்தது. பள்ளத்தை மூடி, சரிவைத் தணித்து, ஒதுக்கி வைத்திருந்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, ஓடையையும் திரும்ப உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்தார். பழைய ஆட்களில் புல்டோசருக்கு அவளையும், மண்வாரும் எந்திரத்துக்குத் தொப்பி என்கிற ஆளையும் வைத்துக்கொண்டார். தொப்பிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனைத் தொப்பி இல்லாமல் யாரும் பார்த்ததும் இல்லை.

"குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்" என்றாள் அக்கா. "இங்க என்னடான்னா குழி பறிச்சவங்களே மூடவும் வர்றாங்க. உனக்கு வெக்கமா இல்லையாடி?"

"தோண்டத் தெரிஞ்சவளுக்குத்தான் மூடவும் தெரியும். ரொட்டியைத் தள்ளு" என்றாள் பிரேக்கு.

உண்மையில் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தோண்டும்போது அன்றைய வேலையை மறுநாள் வேலை தின்றுவிடும். மூடும்போது நேற்றைக்குச் செய்தது இன்றைக்கும் அங்கேயே இருந்தது. எஞ்சினியர் வயதில் சின்னவர். பேசும்போது கையைப் பிசைவார். ஆனால் வேலை தெரிந்தவர். ஓடையின் வரைபடத்தை அவளுடைய எந்திரத்தின் சங்கிலிப் பட்டை மேல் விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்துக் காட்டினார்.

"ஏன் சார் இது பாம்பு மாதிரி போகுது? நேரா விட்டா வேலை சீக்கிரம் முடியுமே."

"நேரா விட்டா தண்ணி ஓடும்மா. ஓடினா மண்ணை அரிக்கும். வளைச்சு விட்டா நடக்கும். நமக்கு அது நடக்கணும்."

வளைவு தாண்டி இரண்டு குட்டைகள். வழியெல்லாம் சுண்ணாம்புக் கல். மூடிய மண்ணுக்குள் கரியோடு கிடந்த கற்கள் இருந்தன. அவற்றின் மேல் காற்றும் தண்ணீரும் பட்டால் தண்ணீர் புளித்துப்போகும், சுண்ணாம்புக் கல் மேல் ஓடினால் புளிப்பு அடங்கும், குட்டையில் நின்றால் துரு அடியில் தங்கும் என்று விளக்கினார். அப்புறம்தான் அது ஆற்றுக்குப் போகலாம். அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள். அக்காவிடமும் சொன்னாள். "குழம்புக்குப் புளி தூக்கலாப் போனா நான் பண்றதுதான். இதுக்கா படிச்சுட்டு வர்றாங்க?" என்றாள் அக்கா.

மேல்பாதி ஓடை நன்றாக வந்தது. வளைவுக்கு வந்தபோதுதான் சிக்கல். டம்பர்கள் வருடக்கணக்காக ஓடி இறுகிப்போன பழைய பாதை அங்கே குறுக்கே கிடந்தது. புல்டோசரின் பிளேடு பட்டால் பொறி பறந்தது. சுண்ணாம்புக் கல்லும் வந்துசேரவில்லை. மழைக்காலம் நெருங்கியது, அதற்கு முன்னால் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. காண்ட்ராக்டர் கண்ணுக்கு ஒரு சுலபமான வழி பட்டது. ஓடை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், எதிரே இருக்கிற மண்கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் நேராகச் சரிவில் இறங்கிக் கீழே தெருவின் சாக்கடையில் சேர்ந்துவிடும்.

"கரையை வெட்டும்மா. மழை முடிஞ்சதும் வளைவைப் பாத்துக்கலாம்" என்றார்.

"கீழ தெரு இருக்கு சார்."

"தெரு எங்கயும் ஓடிப் போயிடாது."

"அதான் சார் சொல்றேன். தெரு ஓடாது. தண்ணி ஓடும்."

காண்ட்ராக்டருக்கு முகம் சிவந்தது. நான் சொல்வதைச் செய், உன் வேலை ஓட்டுவது மட்டும்தான் என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு எந்திரத்தில் ஏறினாள். கரைக்கு நேரே கொண்டுபோய், வெட்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே நிறுத்தி, பிளேடை மண்ணில் ஆழ இறக்கினாள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனைப் போட்டாள். அந்தப் பாரத்தைத் தள்ள அங்கே வேறு எந்திரம் கிடையாது. தொப்பியைக் கூப்பிட்டுச் சுற்றிக்கொண்டு வெட்டச் சொன்னார்கள். தொப்பி தன் எந்திரத்தைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்து, "ஆயில் ஒழுகுது சார்" என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்து படுத்துக்கொண்டான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

காண்ட்ராக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. கீழே தெருவுக்கு ஆள் அனுப்பினார். உங்கள் தெருவுக்கே ஓடையைத் திருப்பி விடலாம் என்று பார்த்தோம், அந்தப் பொம்பளை பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறாள் என்று சொல்லச் சொன்னார். கிணறு வற்றிக் குடமும் கையுமாக அலைந்த தெரு அது. யார் எரியாமல் இருப்பார்கள்? மறுநாள் காலையில் கூட்டமாக ஏறி வந்தார்கள். முன்னால் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெயர் சொன்னால் உரிமை, சொல்லாவிட்டால் மரியாதையில்லை. "இந்தாம்மா" என்று ஆரம்பித்தார்.

"என்னங்க" என்று பழக்கதோஷத்தில் அவள் வாயில் வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் காது சூடாயிற்று.

"என் மேல கோவம்னா என்னோட வெச்சுக்க. தெருவுக்கு வர்ற தண்ணியை எதுக்குத் தடுக்கிற?"

"வர்றது நீங்க நினைக்கிற தண்ணி இல்ல. புளிச்ச தண்ணி. மழையில மண்ணையும் சேத்து வாரிட்டு வரும். முதல்ல உங்க கடைக்குள்ளதான் வரும்."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாத. அன்னைக்கும் இப்படித்தான் பேசின."

"அன்னைக்கும் சட்டை கருகத்தான் செஞ்சுது" என்றாள்.

பேச்சு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். இறங்கி வா என்றார்கள், வீடு உடைத்தவள் என்றார்கள், வேறு சொற்களும் வந்தன. அவள் எந்திரத்தின் படியில் உட்கார்ந்து அக்கா கொடுத்தனுப்பிய ரொட்டியைப் பிரித்துத் தின்றாள். பசி இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து சின்னவள் முன்னால் வந்தாள். அத்தனை வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை.

"அக்கா, அந்தத் தண்ணியை நான் பாக்கலாமா?"

பிரேக்கு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மூடிய மேட்டின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். ஆனால் அது தொட்ட கல்லெல்லாம் செங்கல் பொடி பூசியதுபோல் சிவந்து வழுவழுவென்று இருந்தது. பாசி இல்லை, தவளை இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. அதில் கிடந்த இரும்புக் கம்பி ஒன்றைப் பிரேக்கு எடுத்து இரண்டு விரலால் அழுத்தினாள். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. சின்னவள் குனிந்து விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்தாள். முகம் சுருங்கியது. துப்பினாள்.

"இது எங்க கிணத்துக்கு வருமா?"

"நேரா வெட்டினா வரும். வளைச்சு, கல்லு மேல விட்டு, குட்டையில நிறுத்தினா வராது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல. எஞ்சினியர் போட்ட கணக்கு."

"அவங்களையும் இப்படிக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டியிருக்கலாமே."

"நான் வாயைத் திறந்தாலே சண்டைன்னுதான் அவங்க காதுல விழுது. நீ சொல்லு."

சின்னவள் அந்தச் சிவந்த கல் ஒன்றைக் காலால் புரட்டினாள். "உங்களுக்கு எங்க மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றாள் பிரேக்கு. "நிறையவே இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சின்னவள் திரும்பிப் போய்ப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்ப் பாட்டில் ஒன்றில் அந்தத் தண்ணீரைப் பிடித்துவந்திருந்தாள். அதைத் தன் புருஷனிடம் நீட்டி, "ஒரு வாய் குடிங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். தையல்காரர் வாயில் வைத்து, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பாட்டில் கை மாறிக் கை மாறிப் போனது. போன இடமெல்லாம் சத்தம் அடங்கியது. சின்னவள் கரை மேல் ஏறிப் புல்டோசர் பிளேடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வந்து அவளோடு உட்கார்ந்தார்கள்.

காண்ட்ராக்டர் எஞ்சினியரை அழைத்துவந்தார். "இது தற்காலிக ஏற்பாடுதான், ஆபத்து இல்லைன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

எஞ்சினியர் கையைப் பிசைந்தார். பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"சார்" என்றாள் பிரேக்கு, "நான் புதுசா ஒண்ணும் கேக்கல. நீங்க வரைஞ்சதைத்தான் கேக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். குரல் கொஞ்சம் தடுமாறினாலும் எல்லோருக்கும் கேட்டது. "என் படத்துல இந்த வெட்டு இல்ல. இதுக்கு நான் ஒத்துக்க முடியாது."

காண்ட்ராக்டர் அவர் மேல் காட்ட முடியாததை அவள் மேல் காட்டினார். "நீ இனிமே வேலைக்கு வர வேண்டாம். சாவியைக் குடு."

"வேலைக்கு வரல சார். சாவி, ஓடை திரும்பினதும் தர்றேன்."

மழை அதிகாரிகளுக்காகவோ காண்ட்ராக்டருக்காகவோ காத்திருக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், அடுப்பில் பால் பொங்குவதுபோல் மேகம் திரண்டு கொட்டத் தொடங்கியது. மேல்பாதி ஓடை நிறைந்து, கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறியது. கரை தாங்காவிட்டால் யாரும் வெட்டாமலே நேர்வழி திறந்துவிடும். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்றிருந்த பிரேக்கு சட்டையை மாட்டினாள்.

"உன்னைத்தான் நிறுத்திட்டாங்களே. எங்கடி போற?" என்றாள் அக்கா.

"என்னைத்தான நிறுத்தினாங்க. மழையை நிறுத்தலையே."

அவள் போனபோது தொப்பி ஏற்கெனவே தன் எந்திரத்தை முடுக்கி வளைவில் நின்றிருந்தான். ஆயில் ஒழுக்கைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புல்டோசரின் பின்னால் ரிப்பர் என்கிற இரும்புக் கொழு உண்டு. பழைய டம்பர் பாதையில் அதை இறக்கி இழுத்தாள். கொழு துள்ளியது, எந்திரம் மூக்கைத் தூக்கியது, மறுபடி இறக்கினாள். இறுகிய மண் அப்பளம்போல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்ததைத் தொப்பி அள்ளிக் கரை மேலேயே போட்டுக் கரையை உயர்த்தினான். எஞ்சினியர் குடையை எறிந்துவிட்டு மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் முன்னால் நடந்தார். அவர் காட்டிய பக்கம் அவள் வளைத்தாள். கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் அவருடைய மஞ்சள் சட்டை மட்டும்தான் தெரிந்தது. ஒருமுறை எந்திரம் பக்கவாட்டில் வழுக்கியது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் திட்டிவிட்டுப் பிளேடை ஊன்றி நிமிர்ந்தாள்.

தெருவிலிருந்து மண்வெட்டியும் கோணிப்பையுமாக ஆட்கள் வந்து கரையைத் தூக்கினார்கள். தையல்காரரும் வந்திருந்தார், மண்வெட்டியை ஊசி பிடிப்பதுபோல் பிடித்திருந்தார், ஆனாலும் விடவில்லை. கடைசிப் பாளம் பெயர்ந்ததும் தண்ணீர் கொஞ்சம் தயங்கி, புது வழியை மோந்து பார்த்துவிட்டு, வளைந்து, முதல் குட்டைக்குள் இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

சாயங்காலம் அவள் சாவியைக் காண்ட்ராக்டரின் மேசை மேல் வைத்தாள். எந்திரத்தை அனுமதியில்லாமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார்கள். அவள் டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். "தப்புப் பண்ணினா கேப்பேன். பண்ணினப்போ சொல்லி அனுப்புங்க" என்றாள். அந்த வேலை போனது போனதுதான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புக் கல் மழைக்குப் பிறகு வந்தது. முதல் வருடங்களில் குட்டைகள் செக்கச்செவேலென்று கிடந்தன. மூடிய மண் ஓரிடத்தில் அமுங்கித் தண்ணீர் தேங்கியது. அவள் எஞ்சினியருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள், அவர் வந்து சரி செய்தார். மேல்மண் பரப்பிய சரிவில் ஒரு பக்கம் புல் பிடித்தது, இன்னொரு பக்கம் இன்றைக்கும் மொட்டைதான். தெருக் கிணறுகளில் இரண்டில் தண்ணீர் ஏறியது. குடிக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். தையல்காரர் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. புல்டோசர் சீட்டுக்குப் புது உறை ஒன்று தைத்துச் சின்னவள் கையில் கொடுத்தனுப்பினார். பிரேக்கு அதைப் புரட்டிப் பார்த்து, ஓரம் கோணல் என்று திருப்பி அனுப்பினாள். அவர் பிரித்துத் தைத்து அனுப்பினார். அதை வைத்துக்கொண்டாள். சின்னவள் மட்டும் இப்போதெல்லாம் குவார்ட்டர்ஸுக்கு வந்து போகிறாள். அக்காவும் அவளும் சேர்ந்துகொண்டு பிரேக்கின் குறட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பிரேக்கு ரோடு போடுகிற கூட்டத்தோடு சேர்ந்து புல்டோசர் ஓட்டினாள். ஊர் ஊராகப் போனாள். சில வருடம் கழித்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சுரங்கம் தோண்டப் போவதாகவும், ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்பதாகவும் சேதி வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மேடையில் திரை கட்டி, தோண்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று படம் போட்டார்கள். பச்சைப் புல், மரங்கள், நடுவில் ஒரு நீல ஏரி. ஏரியில் வாத்துகூட இருந்தது.

பேச நினைப்பவர்கள் பேசலாம் என்றார்கள். அவள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"நீங்க எந்த அமைப்பும்மா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள்.

"புல்டோசர் ஓட்டறவ."

"அப்போ உங்களுக்கு நல்ல சேதிதான். புதுச் சுரங்கத்துல நிறைய வேலை வருது."

"தெரியும். வேலை விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்" என்றாள். "அந்தப் பக்கம் ஒரு ஓடை இருக்கு. தோண்டறதுக்கு முன்னாடி அது எங்க போகும்? தோண்டும்போது எங்க போகும்? மூடினப்புறம் எங்க போகும்? வாத்தை அப்புறம் காட்டுங்க."

அதெல்லாம் விரிவான அறிக்கையில் இருக்கிறது, நேரமாகிறது, அடுத்தவருக்கு மைக்கைக் கொடுங்கள் என்றார்கள் மேடையில்.

அடுத்து நின்றிருந்தவள் சின்னவள். பிரேக்கு அவளிடம் மைக்கைக் கொடுத்தாள். சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் இருந்தது.